தப்பான பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்

1912ஆம் வருடம் மே 18ஆம் தேதி. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 6 அடி 7 அங்குல உயரத்தில் இருந்த கம்பியைத் தாண்டினார். பெயர் ஜார்ஜ் ஹோரைன், வயது 22. மீட்டர் கணக்கில் 2.00. சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பின் உலக சாதனைப் பட்டியலில் ஆண்கள் உயரம் தாண்டுதலுக்கான முதல் வரி இதுதான்.

ஏழு வாரம் கழித்து ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ். உலக சாதனைக்காரர் 1.89 மீட்டரோடு நின்றுபோனார். வெண்கலம். தன்னுடைய சொந்த உயரத்தைவிட 11 சென்டிமீட்டர் குறைவு. தங்கம் வாங்கியவர் தாண்டியதும் வெறும் 1.93தான். இரண்டே வருடத்தில் உலக சாதனையும் கை மாறிவிட்டது.

இவ்வளவுதான் கதை என்றால் இதை நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 'சாதனை படைத்தார், ஒலிம்பிக்ஸில் சொதப்பினார்' என்ற வகையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஹோரைனை விடாமல் தோண்ட வைத்தது வேறு விஷயம். அவர் கம்பியைத் தாண்டிய விதம். அது அதுவரை யாரும் பெரிய போட்டிகளில் பார்க்காத விதம். அடுத்த நாற்பது வருடத்துக்கு உலகத்தின் முன்னணி வீரர்கள் பலர் அவர் மாதிரிதான் தாண்டினார்கள். அந்த விதம் எப்படி வந்தது, அது ஏன் வேலை செய்தது, 'இதெல்லாம் தாண்டுதலே கிடையாது' என்று ஏன் சிலர் முகம் சுளித்தார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் ப்ளஸ் டூ இயற்பியல் வரும். பயப்பட வேண்டாம்.

முதலில் பழைய முறை. நம் ஊர்ப் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டிலிருந்து ஓடி வந்து, கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் காலை முதலில் தூக்கிப் போட்டு, பின்னாலேயே அடுத்த காலையும் தூக்கி, உட்கார்ந்த வாக்கில் கம்பியைக் கடந்து, மணலில் நின்றபடி இறங்குவது. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடும். அதனால் 'சிசர்ஸ்' என்று பெயர். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பையன்கள் இதைத்தான் செய்வார்கள்.

இந்த முறையில் எந்தக் காலை ஊன்றி எழும்புகிறீர்கள் என்பது முக்கியம். இடது காலை ஊன்றி எழும்புகிற ஆள் கம்பிக்கு வலது பக்கத்திலிருந்து ஓடி வருவார். அப்போது கம்பி அவருக்கு வலது கைப் பக்கம் இருக்கும். கம்பிக்குத் தூரமான இடது கால் தரையை உதைக்கும். கம்பிக்குப் பக்கமான வலது கால் முதலில் மேலே போகும். எழும்பும் கால் எப்போதும் வெளிக்கால். இது எழுதாத சட்டம்.

இப்போது ஹோரைனின் வீட்டுத் தோட்டத்துக்கு வருவோம். 1890ல் எஸ்காண்டிடோவில் பிறந்தவர். பின்னால் குடும்பம் பாலோ ஆல்டோவுக்கு வந்தது. வீட்டுக் கொல்லைப்புறத்தில் பையன் இரண்டு கம்பு நட்டு உயரம் தாண்டப் பழகினான். பரவலாகச் சொல்லப்படும் கதை இது: அந்தக் கொல்லையின் அமைப்பில் ஓடி வருவதற்கு இடது பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. ஆனால் பையன் எழும்புவது இடது காலில். அதாவது கம்பி இடது கைப் பக்கம், எழும்பும் காலும் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் உள்கால். சிசர்ஸுக்கு அப்படியே தலைகீழ்.

இந்த நிலையில் நின்று யோசித்துப் பாருங்கள். முடிந்தால் வீட்டில் ஒரு துடைப்பத்தைக் கிடத்தி மெதுவாக நடந்து பாருங்கள், நான் பார்த்தேன். உள்காலில் எழும்பினால் வெளிக்கால்தான் முதலில் மேலே போயாக வேண்டும். அது உடம்புக்குக் குறுக்கே, கம்பியை நோக்கி வீசப்படுகிறது. அந்த வீச்சிலேயே இடுப்பு திரும்புகிறது. உட்கார்ந்த நிலையில் போகவே முடியாது. உடம்பு தானாகக் கம்பிக்கு இணையாகப் படுக்கிறது. எழும்பிய இடது கால் வயிற்றுக்குக் கீழே மடங்கிக்கொள்கிறது. இடது விலாப்புறம் கம்பியைப் பார்க்க, படுத்த வாக்கில் அந்தப் பக்கம் உருண்டு, எழும்பிய அதே காலும் இரண்டு கையும் தரையில் படும்படி இறங்குகிறோம்.

ஆக, இடப்பற்றாக்குறைதான் தாய்வீடு. எங்கள் தொழிலில் இதற்கு 'வொர்க்அரவுண்ட்' என்பார்கள். முறையான வழி அடைபட்டிருக்கும்போது சுற்றிப் போவதற்குப் போடும் ஒட்டுவேலை. பெரும்பாலும் அது அசிங்கமாக இருக்கும், பிறகு எடுத்துவிடலாம் என்று குறிப்பு எழுதி வைப்போம். எப்போதாவது ஒன்று, ஒழுங்கான வழியைவிடச் சரியாக இருந்து தொலைக்கும்.

ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்ததும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அங்கே பயிற்சியாளர், எல்லோராலும் 'டாட்' என்று அழைக்கப்பட்ட மோல்டன். இந்தக் கோணல் பாணியை விட்டுவிட்டு எல்லோரும் தாண்டுகிற மாதிரி தாண்டச் சொன்னதாகவும், ஹோரைனும் கொஞ்ச காலம் கேட்டு நடந்துவிட்டு, பிறகு தன் பழைய வழிக்கே திரும்பியதாகவும் சொல்கிறார்கள். பயிற்சியாளர் மேல் தப்புச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அதுவரை உலகத்தில் ஆறரை அடி உயரத்துக்குப் பக்கத்தில் போனவர்கள் எல்லோரும் வெளிக்காலில் எழும்பியவர்கள்தான். கண் முன்னால் இருக்கும் ஆதாரம் எல்லாம் ஒரு பக்கம். கொல்லைப்புறத்தில் பழகிய ஒரு மாணவன் இன்னொரு பக்கம்.

சரி, இயற்பியலுக்கு வருவோம். இந்த உருளல் ஏன் உதவியது?

கால் தரையை விட்ட நொடியிலேயே உங்கள் நிறை மையம் எவ்வளவு உயரம் போகும் என்பது தீர்மானமாகிவிடுகிறது. எறிந்த கல் மாதிரி. காற்றில் கையை வீசினாலும் காலை உதறினாலும் அந்தப் பாதை மாறாது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அந்த மையத்தைச் சுற்றி உடம்பை எப்படி அடுக்கிக்கொள்வது என்று முடிவு செய்யலாம்.

சிசர்ஸில் கம்பிக்கு மேலே உட்கார்ந்த நிலையில் போகிறீர்கள். நெஞ்சும் தலையும் நிமிர்ந்து இருக்கின்றன. கம்பியை உரசாமல் போக வேண்டியது உங்கள் பின்புறம். நிறை மையமோ தொப்புள் பக்கத்தில். அதாவது கம்பிக்கும் நிறை மையத்துக்கும் நடுவில் தோராயமாக 25, 30 சென்டிமீட்டர் இடைவெளி. நீங்கள் கஷ்டப்பட்டு எழும்பிய உயரத்தில் அந்த ஓர் அடி வீண். கணக்கில் வராது. நடுவர் கம்பியைத்தான் அளப்பார், தொப்புளை அளக்க மாட்டார்.

படுத்தபடி போனால்? உடம்பின் தடிமன் மட்டும்தான் தடை. இடைவெளி தோராயமாக 15 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது.

காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். சுவர் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து அந்தப் பக்கம் இறங்குபவன் யாருமில்லை. வயிற்றைச் சுவரோடு ஒட்டிப் படுத்து, ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு, உருண்டு இறங்குவோம். உடம்பைத் தேவைக்கு மேல் தூக்குவானேன்? மாங்காய் திருடுகிற பையனுக்குத் தெரிந்த சூத்திரம் இது.

இந்த 15 சென்டிமீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். ஹோரைனின் உடல் அளவுகளை வைத்து அல்ல. பொதுவாக 180 சென்டிமீட்டர் உயரம், 75 கிலோ எடையுள்ள ஓர் ஆள் என்று வைத்துக்கொள்வோம். நுனிக்காலில் நின்று, கையும் ஒரு காலும் மேலே வீசிய நிலையில், தரையை விடும்போது நிறை மையம் சுமார் 1.25 மீட்டரில் இருக்கும். கம்பி 2.00 மீட்டர்.

சிசர்ஸில் நிறை மையம் 2.30 வரை போக வேண்டும். அதாவது 1.05 மீட்டர் ஏற வேண்டும். அதற்குத் தரையை விடும்போது செங்குத்து வேகம் நொடிக்கு 4.5 மீட்டருக்குச் சற்று மேல். உருளலில் 2.15 போதும். 0.90 மீட்டர் ஏற்றம். வேகம் நொடிக்கு 4.2 மீட்டர். வித்தியாசம் கம்மி மாதிரி தெரிகிறதா? ஆற்றலில் பாருங்கள். முதல் ஆளுக்கு 770 ஜூல், இரண்டாவது ஆளுக்கு 660 ஜூல். ஒரே கம்பியைத் தாண்ட சிசர்ஸ்காரர் ஆறில் ஒரு பங்கு அதிகம் செலவழிக்கிறார். ஒரே கால், சுமார் 0.2 நொடி தரையோடு தொடர்பு, அதற்குள் இந்த 110 ஜூலைக் கூடுதலாகக் கறக்க வேண்டும். உலகத் தரத்தில் இருப்பவர்களுக்கு 110 ஜூல் என்பது வருடக் கணக்கான பயிற்சி.

எண்கள் தோராயம்தான். ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் திசை மாறாது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். படுத்தால் லாபம் என்பதை ஹோரைன்தான் முதன்முதலில் கண்டார் என்று சொன்னால் அது மைக்கேல் ஸ்வீனிக்குச் செய்யும் துரோகம். ஸ்வீனி நியூயார்க்காரர். 1895 செப்டம்பரில் 6 அடி 5⅝ அங்குலம், அதாவது 1.97 மீட்டர் தாண்டியவர். அது 1912 வரை, ஏறக்குறைய 17 வருடம் அசையாமல் நின்றது. ஸ்வீனி வெளிக்காலில்தான் எழும்பினார். ஆனால் உச்சியில் சும்மா உட்கார்ந்து போகவில்லை. முதுகைச் சாய்த்து, இடுப்பைத் திருகி, கம்பியைப் பார்த்தபடி இறங்கினார். சிசர்ஸை எவ்வளவு பிழிய முடியுமோ அவ்வளவு பிழிந்தவர். அழகான முறை, ஆனால் படு சிக்கலானது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உடம்பை இரண்டு முறை வேறு வேறு திசையில் திருக வேண்டும். கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். கிழக்குக் கரையில் வேரூன்றியதால் இதற்கு 'ஈஸ்டர்ன் கட்-ஆஃப்' என்று பெயர் வந்தது. ஹோரைன் மேற்குக் கரைக்காரர், அதனால் அவருடையது 'வெஸ்டர்ன் ரோல்'.

ஸ்வீனி கஷ்டப்பட்டுத் திருகிச் சேமித்ததை, ஹோரைனின் முறை உள்கால் என்ற ஒரே மாற்றத்தால் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்தது. இதுதான் அதன் சாமர்த்தியம். உடம்பு தானாகப் படுக்கிறது, படுக்க வைக்கத் தனி வித்தை தேவையில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. இறங்கும் இடம். இப்போது டிவியில் பார்க்கிற ஆளுயர மெத்தை அந்தக் காலத்தில் கிடையாது. மணல், அல்லது கொத்திவிட்ட மண். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து அதில் விழ வேண்டும். சிசர்ஸ் ஏன் அத்தனை காலம் கோலோச்சியது என்பதற்கு இதுதான் எனக்குத் தோன்றும் முதல் காரணம்: காலில் இறங்கலாம், எலும்பு தப்பும். 1968ல் டிக் ஃபாஸ்பரி மெக்ஸிகோவில் முதுகைக் காட்டித் தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வாங்கினார். மெத்தை வந்திராவிட்டால் அந்த முறையை யாரும் முயன்றே பார்த்திருக்க முடியாது. மணலில் கழுத்தை வைத்து இறங்கினால் அடுத்த தாண்டல் இருக்காது. வெஸ்டர்ன் ரோலோ ஒரு கால், இரண்டு கை என்று மூன்று இடத்தில் எடையைப் பிரித்து இறக்கியது. படுத்துத் தாண்டினாலும் மணல் குழிக்கு ஏற்ற முறை. அந்தக் காலத்துக்கு அந்தக் காலத்தின் சாமான்களை வைத்துப் போகக்கூடிய தூரம் அதுதான்.

இடைச்செருகலாக ஒன்று. 'இரண்டு மீட்டரை முதலில் தாண்டிய மனிதர்' என்று ஹோரைனைப் பற்றி எழுதும்போது, 'பதிவான கணக்கில்' என்று சேர்த்துக்கொள்வது நல்லது. ருவாண்டாவின் துட்சி மக்களிடம் உயரம் தாண்டும் மரபு ஒன்று இருந்தது. 1907ல் அங்கே போன ஜெர்மானியப் பிரபு ஒருவரின் பயணக் குழு, அவர்கள் தாண்டுவதைப் படம் எடுத்தது. இரண்டரை மீட்டர் வரை தாண்டியதாக ஒரு கூற்றும் இருக்கிறது. அவர்கள் தரையிலிருந்து சற்று உயர்ந்த திட்டில் காலை ஊன்றி எழும்பினார்கள் என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் உலகத்தின் சாதனைப் பட்டியல் என்பது உலகத்தின் ஒரு பகுதிக்காரர்கள் எழுதி வைத்துக்கொண்ட பட்டியல் என்பது ஞாபகத்தில் இருக்கட்டும்.

இனி ஸ்டாக்ஹோம்.

1912 ஜூன் 14ஆம் தேதி அமெரிக்க அணி நியூயார்க்கிலிருந்து 'ஃபின்லாந்து' என்ற கப்பலில் கிளம்பியது. ஓட்டக்காரர்கள் பழகுவதற்காகக் கப்பல் தளத்தில் கார்க் விரித்து ஓடுபாதை போட்டிருந்தார்கள். ஓட்டக்காரர்கள் சரி, உயரம் தாண்டுபவர்? ஆடுகிற தளத்தில் முழு உயரத்துக்குத் தாண்டிப் பழகுவதைக் கற்பனை செய்யவே எனக்கு முடியவில்லை. மே மாதம் உச்சத்தில் இருந்த ஒருவர் முதலில் கண்டத்தின் குறுக்கே ரயில், பிறகு அட்லாண்டிக் என்று கடந்து ஜூலையில் தாண்ட வேண்டும். 11 சென்டிமீட்டர் எங்கே போயிற்று என்று கேட்டால் என்னுடைய சந்தேகம் பாதி கப்பல் மேல்தான். ஆனால் அவரோடு போட்டியிட்ட அமெரிக்கர்களும் அதே கப்பலில்தான் வந்தார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்லவும் முடியாது.

ஜூலை 8, இறுதிப் போட்டி. கம்பி 1.87க்கு வந்தபோது நின்றவர்களில் ஜிம் தோர்ப்பும் ஒருவர். அதே ஒலிம்பிக்ஸில் பென்டாத்லான், டெகாத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கிய அதே தோர்ப். இதில் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். கம்பி 1.89க்கு ஏறியதும் மிஞ்சியது மூன்று பேர். ஹோரைன், ஜெர்மனியின் ஹான்ஸ் லீஷே, அமெரிக்காவின் ஆல்மா ரிச்சர்ட்ஸ். 1.91ல் ஹோரைன் நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததில் அவருக்குப் பங்கில்லை. ஆனாலும் சொல்லாமல் போனால் பாவம். ரிச்சர்ட்ஸ் யூட்டா மாநிலத்தில் பரோவன் என்ற சின்ன ஊர்க்காரர். பள்ளிப் படிப்பை நடுவில் விட்டு, பிறகு திரும்பப் படிக்க வந்தவர். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ராபர்ட்ஸ் என்ற பயிற்சியாளர் கண்ணில் பட்டார். தலையில் ஒரு பழைய தொப்பியோடு தாண்டுவார். பார்க்க லட்சணமான பாணி இல்லை என்றே அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கீழ் உயரங்களிலேயே தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருந்தார். லீஷேயோ சுத்தமாகத் தாண்டி வந்தார். கம்பி 1.93க்கு ஏறியது. ரிச்சர்ட்ஸ் ஓரமாகப் போய் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார், பிறகு ஓடி வந்தார், முதல் வாய்ப்பிலேயே நல்ல இடைவெளியோடு தாண்டிவிட்டார். அவரிடம் அதுவரை யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. லீஷே இரண்டு முறை தட்டிவிட்டார். மூன்றாவது முறை தயாராகும்போது ஏதோ ஓட்டப் பந்தயத்துக்குத் துப்பாக்கி வெடித்தது. நின்றார். மறுபடி தயாரானபோது பாண்டு வாத்தியம் தொடங்கியது. மறுபடி நின்றார். சீக்கிரம் ஆகட்டும் என்று அதிகாரி அவசரப்படுத்தினார். ஓடினார், தட்டினார். வெள்ளி.

இதை வைத்து 'புது முறை தோற்றது, பழைய முறை ஜெயித்தது' என்று எழுதியவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள். எனக்கு இது சரியான கணக்காகப் படவில்லை. உலக சாதனை என்பது ஒரு மனிதரின் அத்தனை தாண்டல்களிலும் மிக உயர்ந்த ஒன்று. ஒலிம்பிக்ஸ் என்பது குறிப்பிட்ட ஒரு மதியம் கிடைக்கிற ஒரு தாண்டல். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஸ்டாக்ஹோம் தங்கத்தின் உயரமான 1.93, ஸ்வீனி 17 வருடம் முன்பு தாண்டியதைவிடவும் குறைவு என்பதைக் கவனித்தீர்களா? அன்றைக்கு அங்கே ஜெயித்தது எந்த முறையும் இல்லை. ரிச்சர்ட்ஸ் ஜெயித்தார், அவ்வளவுதான்.

முறை ஜெயித்ததா என்று தெரிய, மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1914ல் எட்வர்ட் பீசன் 2.01 மீட்டர் தாண்டி ஹோரைனின் சாதனையை எடுத்துக்கொண்டார். எங்கே? ஸ்டான்ஃபோர்டின் பரம வைரியான கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இருக்கிற பெர்க்லியில். எப்படி? அதே வெஸ்டர்ன் ரோல். கொல்லைப்புறத்தில் இடமில்லாததால் வந்த பழக்கத்தை, இடம் தாராளமாக இருந்தவர் ஒருவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஹோரைனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததாக நான் நினைக்கவில்லை. சாதனையைப் பறிகொடுத்தவருக்கு அப்போது அப்படித் தோன்றியிருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆனால் எல்லோரும் உடனே கை தட்டிவிடவில்லை. அன்றைய விதிகளில் 'டைவிங்' கூடாது. அதாவது தலை முன்னால், கால் பின்னால் என்று பாய்ந்து போகக்கூடாது. குட்டிக்கரணம் அடித்துத் தாண்டும் சர்க்கஸ்காரர்களைத் தடுக்க வந்த விதி மாதிரி இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் வெஸ்டர்ன் ரோலில் உடம்பு கம்பிக்கு இணையாகப் படுத்துப் போகிறது. எது முதலில் கடந்தது, தலையா காலா? வீசிய கால் முதலில் போவதால் விதிக்கு உட்பட்டதுதான் என்று வாதிடலாம். தோள் கொஞ்சம் முந்திவிட்டால்? கேமரா கிடையாது. கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் நடுவரின் கண்தான் தீர்ப்பு. ஒரு விதி, அளக்க முடியாத ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம். மீட்டர் கணக்கு கம்பியில் தெளிவாக இருக்கிறது. 'டைவ்' கணக்கு நடுவரின் மனசில் இருக்கிறது.

இது வெடித்தது இருபது வருடம் கழித்து, பெண்கள் போட்டியில். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ். பேப் டிட்ரிக்ஸன் ரோல் முறையில் தாண்டுபவர், ஜீன் ஷைலி சிசர்ஸ்காரர். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் சமமாக நின்றார்கள். முடிவு காண மறுபடி தாண்டினார்கள், அப்போதும் சமம். பிறகுதான் நடுவர்கள் டிட்ரிக்ஸன் தாண்டியது 'டைவ்' என்றார்கள். தங்கம் ஷைலிக்கு, வெள்ளி டிட்ரிக்ஸனுக்கு. அன்று முழுக்க அதே மாதிரிதான் தாண்டினேன் என்பது டிட்ரிக்ஸனின் வாதம். அது உண்மையென்றால் முதல் உயரத்திலேயே கொடி காட்டியிருக்க வேண்டாமா? தாண்டும்போதெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் நினைவு வந்தது மாதிரி சொன்னது எனக்கு உறுத்துகிறது. பிற்பாடு அந்த 'டைவ்' தடை எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது எப்படித் தாண்டினாலும் தலையிடுவதில்லை. ஒரே காலில் எழும்ப வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

நடுவில் ஹரால்டு ஆஸ்போர்னைச் சொல்ல வேண்டும். 1924ல் 2.03 மீட்டர் உலக சாதனை. அதே வருடம் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 1.98 தாண்டி உயரம் தாண்டுதலில் தங்கம், டெகாத்லானிலும் தங்கம். வெஸ்டர்ன் ரோலில் முதல் ஒலிம்பிக் வெற்றி வாங்கித் தந்தவர் என்று இவரைச் சொல்லலாம். இவர் மேல் ஒரு புகார் இருந்தது. அந்தக் காலத்துக் கம்பி ஒரு பக்கமாக மட்டுமே விழக்கூடிய மாதிரி வைக்கப்பட்டிருந்தது. படுத்தபடி போகும்போது உள்கை கம்பிக்கு மிக அருகில் இருக்குமல்லவா, ஆஸ்போர்ன் அந்தக் கையால் கம்பியைத் தாங்குகம்பத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு விழாமல் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள். பிறகு கம்பி இரண்டு பக்கமும் விழுகிற மாதிரி தாங்கிகளை மாற்றினார்கள். சிசர்ஸ்காரர்கள் இருந்தவரை இந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. புதுப் பயனர் ஒருவர் வந்து தாறுமாறாகப் பயன்படுத்தும்போதுதான் நம் மென்பொருளில் இருக்கும் ஓட்டை தெரியும், அந்த மாதிரி.

1930களில் இன்னொரு படி வந்தது. ரோலில் கம்பியைப் பார்ப்பது விலாப்புறம். அதை இன்னும் கொஞ்சம் திருப்பி, வயிறு கம்பியைப் பார்க்க, கால்களை இரண்டு பக்கமும் போட்டுக் கவிழ்ந்து போனால் இடைவெளி இன்னும் குறையும். இதுதான் 'ஸ்ட்ராடில்'. சுவர் ஏறும் பையனின் முழு வடிவம். இதற்கும் எழும்புவது உள்காலில்தான், ஓடி வருவது ஹோரைன் ஓடி வந்த பக்கத்திலிருந்துதான். அந்தப் பக்கம் மாறாதிருந்தால் ஸ்ட்ராடில் வந்திருக்க வழியே இல்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். ஃபாஸ்பரி ஃப்ளாப்பில் எழும்புவது மறுபடி வெளிக்கால்! முதுகைக் காட்டுவதால் கணக்குத் திரும்பிவிட்டது. இன்று ஒலிம்பிக்ஸில் பார்க்கிற அத்தனை பேரும் கால் விஷயத்தில் சிசர்ஸ் பரம்பரை. ஃபாஸ்பரியே சிறுவயதில் சிசர்ஸில்தான் தாண்டினார், ஸ்ட்ராடில் அவருக்குச் சரிப்படவில்லை, சிசர்ஸை மெல்ல மெல்லச் சாய்த்துத்தான் ஃப்ளாப்புக்கு வந்தார். அவரும் மேற்குக் கரைக்காரர்தான், ஆரிகன் மாநிலம்.

வெஸ்டர்ன் ரோல் அதற்குள் ஓய்ந்திருந்தது. அந்த முறையில் வந்த கடைசி உலக சாதனை 1953ல் வால்ட் டேவிஸ் தாண்டிய 2.12 மீட்டர். சிறுவயதில் போலியோவால் நடக்க முடியாமல் கிடந்தவர் டேவிஸ், 1952 ஹெல்ஸிங்கியில் தங்கமும் வாங்கியிருந்தார். ஹோரைனின் 2.00க்கும் டேவிஸின் 2.12க்கும் நடுவில் 41 வருடம். 1956ல் சார்லஸ் டூமாஸ் ஸ்ட்ராடிலில் ஏழு அடியைத் தாண்டியதோடு ரோலின் காலம் முடிந்தது.

ஹோரைன் அதைப் பார்க்கவில்லை. 1948 நவம்பரில் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோவில் இறந்துபோனார். ஸ்டாக்ஹோமில் எடுத்த ஒரு புகைப்படம் இணையத்தில் கிடைக்கிறது. வெள்ளை உடுப்பில், கம்பிக்கு மேலே, பக்கவாட்டில் படுத்த மாதிரி மிதந்துகொண்டிருக்கிறார். தேடிப் பாருங்கள். மேலே இருக்கும் கால் எது, மடங்கியிருக்கும் கால் எது என்று கவனியுங்கள். பாலோ ஆல்டோவின் அந்தக் கொல்லைப்புறம் எந்தப் பக்கம் அடைபட்டிருந்தது என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம்.